ஒரே கூரையின்கீழ் உணவும் நஞ்சும்

மனிதன் பயிரிடக் கற்றுக்கொண்ட கதையை வரலாற்று நூல்கள் விரிவாகவே எழுதி வைத்திருக்கின்றன. விளைந்ததைக் காத்துக்கொள்ள அவன் பட்ட பாட்டைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அரசர்களின் களஞ்சியங்கள் கல்வெட்டுகளில் இடம்பெற்றன. ஏழையின் மூலையிலிருந்த ஒரு மூடை நெல்லை வண்டும் அந்தும் எலியும் தின்று தீர்த்த செய்தியைப் பொறித்து வைக்க எந்தக் கல்லும் கிடைக்கவில்லை. ஆயினும் மக்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தவற்றுள் அந்த மூலைக்கும் ஓர் இடம் உண்டு. உணவைத் தின்ன வரும் பூச்சியை விரட்டக் கொண்டுவந்த நஞ்சு உணவோடு கலந்து, உண்பவனையே கொன்ற நிகழ்ச்சிகள் நம் காலத்தில் ஒன்றல்ல, பல. வீட்டில் உணவுக்கு அருகே பூச்சி மருந்து வைப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வியை இல்லத்தரசிகளுக்கான சிறு குறிப்பாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் ஒரு சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை மன்னார்க் கரையில் நின்று பார்க்க இங்கே முயல்கிறோம்.

ஏன் மன்னார் என்று கேட்கலாம். இலங்கையின் வடமேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் அந்த மணல் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும், உணவைச் சேமித்து வைத்தே வாழவேண்டிய நிலம். வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் சில மாத மழையே அதன் ஆண்டு முழுவதற்குமான நீர். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நானாட்டான், முருங்கன் பகுதிகளில் விளையும் நெல் அடுத்த அறுவடை வரை இருந்தாக வேண்டும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரையேறும் மீனில் விற்று எஞ்சியது கருவாடாக வேண்டும். தீவின் பனைகள் தரும் கிழங்கு ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும், பழம் பனாட்டாகவும் மாறிப் பஞ்ச மாதங்களுக்குக் காத்திருக்க வேண்டும். சேமிப்பு அங்கே செல்வத்தின் அடையாளமாக இருந்ததில்லை. பசிக்கு எதிரான அரண் அதுவே. அந்த அரணை முற்றுகையிடும் பகைவர்களோ வண்டும் அந்தும் எறும்பும் இலையானும் கரப்பானும் எலியும்.

இலையானைப் பற்றி அக்கரைக்கு ஒரு தனிக் கதை உண்டு. முத்துச்சிலாபம் நடைபெற்ற காலங்களில் அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினர். குளித்தெடுத்த சிப்பிகளை வேலியடைத்த கொட்டில்களில் குவித்து அழுக விடுவார்கள். இலையான் முட்டையிட்டு, புழுக்கள் சதையைத் தின்று தீர்த்த பின்னர் எஞ்சியதைக் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். 1905ஆம் ஆண்டின் பெருஞ்சிலாபத்தை அடுத்து, 1906இல் அங்கே குடியேற்ற அரசின் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தவர் லெனார்ட் வூல்ப். அவரே பின்னாளில் ஏகாதிபத்தியத்தைக் கடுமையாக விமர்சித்த எழுத்தாளரானார். முத்துக்காக இலையானைக் கூலியில்லாத வேலையாளாக வளர்த்த அதே கரையில், மீனவப் பெண் தன் கருவாட்டுப் பாயின் அருகே அமர்ந்து அதே இலையானை ஓலை விசிறியால் விரட்டிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு இலாபம் தந்த பூச்சி மற்றவரின் உணவை அழித்தது. பூச்சியின் வரலாறும் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டதன்று.

முன்னோர் கண்ட காவல்

நஞ்சு வருவதற்கு முன்னர் நம் மக்கள் வாளாவிருக்கவில்லை. வன்னிப் பெருநிலத்து வீடுகளில் கொம்பறை என்ற நெற்கூடு இருந்தது. தடிகளால் வரிந்து, மண்ணும் சாணமும் மெழுகி, நிலத்தின் ஈரம் ஏறாதபடி உயர்த்தி அதனை அமைத்தார்கள். நெல்லைக் காயவைத்துப் பதம் பார்த்த பின்னரே உள்ளே கொட்டினார்கள். பயறு, உளுந்து போன்றவற்றோடு சாம்பலைக் கலந்து வைத்தார்கள். வேப்பிலையும் நொச்சியிலையும் மூடைகளுக்கிடையே இட்டார்கள். பனாட்டையும் விதைக்கான கதிர்களையும் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிப் புகை படும்படி விட்டார்கள். கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் காற்றும் போதும் என்று கண்டார்கள்.

இவற்றைப் பாட்டிமார் பழக்கம் என்று நகைப்பாரும் உண்டு. முன்னோர் செய்தவையெல்லாம் மெய்ஞ்ஞானம் என்று மெய்சிலிர்ப்பாரும் உண்டு. இருவர் பக்கமும் நாம் சேர வேண்டியதில்லை. பூச்சியின் மேல்தோலை ஒரு மெல்லிய மெழுகுப்படை மூடி, அதன் உடலின் நீரைக் காக்கிறது. நுண்ணிய சாம்பல் அந்தப் படையைத் தேய்த்தும் உறிஞ்சியும் சிதைக்க, பூச்சி உலர்ந்து மடிகிறது. நன்கு காய்ந்த நெல்லில், அதாவது ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கும் குறைந்த நெல்லில், வண்டும் பூஞ்சணமும் பெருகுவது கடினம். காற்றுப் புகாத கலத்தில் அடைத்த தானியம் தானும் மூச்சுவிட்டு, உள்ளே அகப்பட்ட பூச்சியையும் மூச்சுவிடச் செய்து, இருக்கின்ற ஒட்சிசனைத் தீர்த்துவிடுகிறது. அதன்பின் பூச்சிக்கு வாழ்வில்லை. இவை அறிவியலுக்கு முற்றிலும் உடன்பாடானவை. வேப்பிலையோ பூச்சியை ஓரளவு விலக்கும், பெருகுவதைத் தாமதிக்கும்; ஏற்கெனவே வண்டு குடியேறிய மூடையை அது மீட்டுத் தராது. அடுப்புப் புகை பனாட்டைக் காத்தது உண்மை. அந்தப் புகையிலேயே நாளெல்லாம் நின்ற பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் அது கெடுத்ததும் உண்மை. பழைய முறைக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலையைப் பெரும்பாலும் பெண்களே செலுத்தினார்கள்.

வெள்ளைத் தூளின் வருகை

இந்நிலையில்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வெள்ளைத் தூள் வந்து சேர்ந்தது. டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அதனை இலங்கை இருகை நீட்டி வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்திருந்தது. சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் வழங்கியபோது, நுளம்பு கொண்டுவந்த நோய்க்குப் பசி எவ்வாறு துணைபோயிற்று என்பதை நேரிற் கண்டார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறப்பதற்கு அந்த அனுபவமும் ஓர் ஊற்றாயிற்று. அந்தப் பெருநோய் தென்மேற்கையே மிகுதியாகத் தாக்கியது. மன்னார், வவுனியா போன்ற வறண்ட பகுதிகளுக்கோ மலேரியா ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. மண்ணீரல் வீங்கிய குழந்தைகள் அங்கே இயல்பான காட்சியாக இருந்தார்கள்.

1940களின் நடுவில் டி.டி.ரி. தெளிப்பு தொடங்கியது. வீட்டின் உட்சுவரில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிராம் என்ற அளவில் மருந்து படிய வேண்டும். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் இளைப்பாறும்போது மடிய வேண்டும். முறை அதுவே. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. அதில் டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு, மருத்துவமனைகளும் உணவுப் பங்கீடும் பெற்ற விரிவின் பங்கு எவ்வளவு என்று குடித்தொகை ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். பங்கு எவ்வளவாயினும், அத்தூள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. நஞ்சு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளித்து இந்த நன்மையை மறப்பவர், மலேரியாவை அறியாத வீட்டில் பிறந்தவராகவே இருப்பார்.

ஆனால் தெளிக்கும் வேலைக்கு ஒரு விதி இருந்தது, இன்றும் இருக்கிறது. தெளிப்பதற்கு முன்னர் உணவையும் சமையற் கலங்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். இயலாதவற்றை நன்றாக மூட வேண்டும். விதி நியாயமானது. நாம் கேட்பது இதுதான்: எந்த வீட்டை மனத்திற்கொண்டு அந்த விதி எழுதப்பட்டது? களஞ்சியம் ஓரிடம், குசினி ஓரிடம், படுக்கை ஓரிடம் என்று பிரித்துக் கட்டிய வீட்டுக்கு அது எளிது. ஓலை வேய்ந்த ஓரறைக் குடிலில், மண் சுவரோடு சாய்ந்து நிற்கும் ஆறு மாத நெல்லை எங்கே எடுத்து வைப்பது? கடற்கரை வாடியில் கருவாடும் வலையும் குழந்தையும் ஒரே இடத்தில்தானே கிடக்கும்? உணவையும் நஞ்சையும் பிரித்து வை என்று சொல்பவர், பிரித்து வைப்பதற்கு ஓர் இடம் உண்டு என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறார். இடமில்லாதவனின் வீட்டில் அந்த அறிவுரை காற்றோடு போய்விடுகிறது.

அந்தத் தூள் கொழுப்பில் கரைவது, உடலில் தங்குவது, தாய்ப்பாலிலும் வெளிப்படுவது என்பவையெல்லாம் பின்னர் தெரியவந்தன. 1962இல் ரேச்சல் கார்சனின் நூல் உலகின் கண்ணைத் திறந்தது. அதற்குள் நுளம்பும் தன் பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணிக் காவலைத் தளர்த்தினார்கள். 1969இல் நோயாளர் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. டி.டி.ரி.க்கு நுளம்பு பணியாது போகவே, 1970களின் நடுவில் மலத்தியன் அதன் இடத்துக்கு வந்தது. அதே காலத்தில், 1976இல், பாகிஸ்தானின் மலேரியா ஒழிப்புப் பணியில் மலத்தியன் தெளித்த தொழிலாளரில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சேறி நோயுற்றனர், ஐவர் மாண்டனர். மருந்துத் தூளில் உண்டாகியிருந்த ஒரு மாசுப்பொருளே காரணம் என்று ஆய்வு காட்டியது. வெப்பத்தில் நாட்பட வைக்கும்போது அம்மாசு பெருகக்கூடியது. உணவைப் போலவே நஞ்சையும் சேமித்து வைக்கும் முறை ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டால் அதன் இயல்பே மாறிவிடும்.

கொச்சிக் கப்பல்

நுளம்புக்கு எதிரான மருந்துகளோடு பயிர்ப் பூச்சிக்கான மருந்துகளும் வந்தன. அவற்றுள் பரத்தியோன் என்ற கடும் நஞ்சு, பொலிடோல் என்ற வணிகப் பெயரால் யாழ்ப்பாணம் முதல் மன்னார் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் பழக்கமாயிற்று. அது உணவோடு கலந்தால் என்ன நேரும் என்பதை மன்னாரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத கேரளம் 1958இல் கண்டது. பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமையும் பொலிடோலும் ஒன்றாக ஏற்றப்பட்டன. கசிந்த நஞ்சு மூடைகளில் ஊறியது. மூடைகள் இறங்கின, அரைத்தார்கள், சமைத்தார்கள், உண்டார்கள். 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். நஞ்சு ஏறிய மாவுக்கு நிறம் மாறவில்லை. அதை உண்டவர்களுள் எவரும் பொலிடோல் வாங்கியவர்கள் அல்லர். அதைக் கண்ணால் கண்டவர்கள்கூட அல்லர்.

இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அப்போது கேரளத்தில் ஆட்சியில் இருந்தது. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் அடங்கக்கூடிய பிரச்சினையாக அது இருக்கவில்லை. கப்பலும் துறைமுகமும் இறக்குமதியும் மத்திய அரசின் கையில் இருந்தன. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நஞ்சுகளின் தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, சேமிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அவ்விசாரணை வலுவூட்டியது. இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது 1968இல். நூறு பிணங்களுக்கும் ஒரு சட்டத்துக்கும் இடையே பத்து ஆண்டுகள் கிடந்தன. இலங்கை அதனினும் மெதுவாக நடந்தது. அதன் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம்.

கொச்சியில் நடந்தது விதிவசம் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 1967இல் கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் எண்டிரின் என்ற நஞ்சு கப்பலில் கசிந்து மாவில் கலந்தது. 874 பேர் மருத்துவமனை சேர்ந்தனர், 26 பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் கொலம்பியாவின் சிக்கின்கிரா நகரில் மாவும் பரத்தியோனும் ஒரே வண்டியில் பயணம் செய்தன. காலை ரொட்டி தின்ற பத்துக்கணக்கான குழந்தைகள் மடிந்தனர். 1971-72இல் ஈராக்கில் பாதரசம் பூசிய விதைத் தானியம் விதைப்புக் காலம் கடந்தபின் உழவர் கைக்கு வந்தது. மூடைகளின் மேலிருந்த எச்சரிக்கைகள் அவர்கள் வாசிக்க முடியாத அயல் மொழிகளில் இருந்தன. வீட்டில் மாவில்லை, மூடையில் கோதுமை இருக்கிறது. ரொட்டி சுட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டனர். 459 பேர் அங்கேயே உயிர்விட்டனர்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பொது உண்மை புலப்படுகிறது. கொச்சியிலும் கட்டாரிலும் அது ஒரே கப்பல். சிக்கின்கிராவில் ஒரே வண்டி. ஈராக்கில் ஒரே மூடை. இரண்டு கப்பலுக்குப் பதில் ஒன்று, இரண்டு வண்டிக்குப் பதில் ஒன்று என்று எவனோ மிச்சம் பிடித்த சில காசுகளுக்கு மற்றவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். வணிகன் இலாபத்துக்காகச் செய்யும் சிக்கனத்தையே ஏழை வறுமையால் செய்கிறான். எண்ணெய்க்கு ஒரு கலன், மருந்துக்கு ஒரு கலன் என்று வாங்க முடியாதவன், மருந்து வந்த கலனைக் கழுவி எண்ணெய் ஊற்றுகிறான். முன்னவன் செயலை வணிகத் திறமை என்றும் பின்னவன் செயலை அறியாமை என்றும் உலகம் பெயரிடுகிறது.

2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பீகாரின் சாரன் மாவட்டத்துச் சிற்றூரொன்றில், பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டோபொஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. பள்ளிக்கெனக் களஞ்சிய அறை இருக்கவில்லை. உணவுப் பொருள்கள் தலைமையாசிரியையின் வீட்டில் வைக்கப்பட்டிருந்தன. வழக்கு நடந்தது, தண்டனையும் வழங்கப்பட்டது. தனி மனிதப் பொறுப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் குழந்தைகளின் உணவை வைக்க நான்கு சுவரும் ஒரு பூட்டும் தராத ஆட்சியமைப்பின் பொறுப்பை எந்த நீதிமன்றம் எடைபோட்டது? இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே மொனோகுரோட்டோபொஸ் இலங்கையில் 1995இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பரத்தியோன் 1984இல் தடைபெற்றது. 1998இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டது. வீட்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் கடும் நஞ்சு கிடப்பதே தற்கொலைகளுக்குப் பெருவாயிலாக இருந்த நாட்டில், இத்தடைகளுக்குப் பின்னர் பத்து ஆண்டுகளில் தற்கொலை வீதம் பாதியளவாகக் குறைந்தது. மக்களின் குணம் பத்தாண்டில் மாறிவிடவில்லை. மூலையிலிருந்த போத்தல் மாறியது. அதனாற் பல உயிர்கள் பிழைத்தன. சட்டம் செய்யக்கூடியது இவ்வளவு.

வீட்டு நஞ்சுகள்

கடும் நஞ்சுகள் பல ஒழிந்தபின் இன்று வீடுகளில் இருப்பவை சிறியவை, மலிவானவை, பழகிப்போனவை. பழக்கமே அவற்றின் ஆபத்து.

நப்தலீன் உருண்டையை எடுத்துக்கொள்வோம். துணிப் பெட்டியில் இடுவதற்கென வந்ததை அரிசிப் பெட்டியின் அருகிலும் வைக்கிறார்கள். அது திண்மத்திலிருந்து நேரே ஆவியாகிறது. அந்த ஆவி மாவிலும் தேயிலையிலும் எண்ணெய்ப் பசையுள்ள எந்தப் பண்டத்திலும் எளிதில் படிகிறது. இனிப்பு மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை அதை வாயில் போடுவதும் உண்டு. மலேரியா பல தலைமுறைகளாக நிலைத்த நாடுகளின் மக்களிடையே, செங்குருதி அணுவில் ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைந்து பிறப்போர் மிகுதி. மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததாலேயே அக்குறை அங்கே நிலைபெற்றது என்பது அறிவியலார் கருத்து. அத்தகைய குழந்தையின் உடலில் நப்தலீன் சென்றால் செங்குருதி அணுக்கள் சிதைந்து, மஞ்சட்காமாலையும் கடும் சோகையும் உண்டாகின்றன. பழைய நோயின் வடுவைக் குருதியில் சுமக்கும் மக்களுக்கு அதே பூச்சியுருண்டை மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு கொடிது. மன்னார் போன்ற ஊர்களின் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

தானியத்துக்கென விற்கும் அலுமினியம் பொஸ்பைட்டு வில்லைகள் இன்னும் கொடியவை. காற்றின் ஈரம் பட்டதும் அவை பொஸ்பீன் என்ற வாயுவாக மாறுகின்றன. பெருங் களஞ்சியங்களில் பயிற்சி பெற்றவர் கையாள வேண்டிய பொருள் அது. மனிதர் உறங்கும் அறையில் உள்ள மூடைக்குள் இட்டால், வண்டையும் மனிதரையும் அந்த வாயு பிரித்தறியாது. சுவர் இடுக்கு வழியே அடுத்த அறைக்கும் செல்லும். அதனை வீட்டில் எவ்வகையாலும் பயன்படுத்தலாகாது.

நுளம்புச் சுருள் யப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. திறந்த சோற்றுப் பானையின் அருகே அதை ஏற்றி வைப்பதும், மூடிய அறையில் குழந்தையின் தலைமாட்டில் வைப்பதும் தகாது. எறும்புக்கும் கரப்பானுக்கும் சுவரில் இழுக்கும் சோக்குக் கட்டியும் பூச்சிமருந்தே. பள்ளிச் சோக்குப் போலத் தோன்றுவதே அதன் பெருங்கேடு. சமையல் மேடையிலும் உணவுத் தட்டிலும் அதற்கு இடமில்லை.

கருவாட்டுக்கு வருவோம். மாரிக் காலத்தில் மீன் காயாது. ஈரத்தில் இலையான் முட்டையிடும். காய்ந்த பின்னும் சேமிப்பில் வண்டு அரிக்கும். ஒரு வாரத்து உழைப்பு கண்முன்னே புழுவாகும்போது, கையிலுள்ள எந்த மருந்தையாவது தெளித்துவிடலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழும். உலகின் வேறு கரைகளில் அது நடந்திருக்கிறது. வங்காள தேசத்துக் கருவாட்டில் டி.டி.ரி. எச்சம் இருப்பதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. இதற்கு மாற்று இருக்கிறது. மணலில் பரப்பாமல் உயர்ந்த தட்டிகளில் காயவைப்பது, போதிய உப்பிடுவது, வலையால் மூடுவது, மழைக்குக் கூரையும் வெயிலுக்கு ஒளிபுகும் மறைப்பும் உள்ள உலர்த்திகளைப் பயன்படுத்துவது. இவற்றுள் எதுவும் மந்திரவித்தை அன்று. ஆனால் தட்டிக்கும் வலைக்கும் உலர்த்திக்கும் முதல் வேண்டும். முதலாளியிடம் முற்பணம் வாங்கி, பிடித்த மீனை அவன் சொன்ன விலைக்கே விடும் மீனவனிடம் அந்த முதல் எங்கிருந்து வரும்? கூட்டுறவுச் சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

தூரத்தின் அரசியல்

போர்க்காலம் இந்தக் கதையை மேலும் கசப்பாக்கியது. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் மன்னாரிலிருந்தும் விரட்டப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் ஒதுங்கினர். தமிழ் மக்கள் மடுவிலும், கடல் கடந்து இராமேசுவரத்துக்கு அப்பால் மண்டபம் முகாமிலும் தஞ்சம் புகுந்தனர். எந்தப் பக்கத்து முகாமாயினும் கூடாரத்தின் அளவு ஒன்றே. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் நுளம்பு மருந்தும் குழந்தையும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தன. பிரித்து வைப்பதற்கான இடத்தையே மனிதரிடமிருந்து பறித்துக்கொள்வது போரின் இயல்பு. அந்தக் கொடிய ஆண்டுகளிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளர்கள் இரு தரப்பின் காவலரண்களையும் கடந்து சென்று தம் பணியைச் செய்தார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் எவருமில்லாத நிலை உருவாக, 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அறிவிப்பின் மகிழ்ச்சி அடங்குவதற்கு முன்னரே, 2016 டிசம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பிவந்த அனோபிலிஸ் ஸ்டீபன்சி அது. இலங்கையில் அதற்கு முன் அது காணப்பட்டதில்லை. கிணற்றிலும் தொட்டியிலும் குடிநீர்ப் பீப்பாயிலும் பெருகக்கூடிய இந்நுளம்பு, பல நாடுகளில் பழைய மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட இனம். அச்சம் வரும்போது மருந்து விற்பனை பெருகும். மருந்து பெருகும்போது அது மீண்டும் அரிசிப் பெட்டியின் அருகே வந்து நிற்கும். 1963இன் கவனக்குறைவையும் நாம் விரும்பவில்லை. நஞ்சை வீட்டுக்குள் கொட்டிக் குவிப்பதையும் விரும்பவில்லை. கிணற்றை வலையால் மூடுவதும் தொட்டியை வாரந்தோறும் கழுவுவதும் உணவுக்கு ஊறு செய்யாத காவல்கள். அவை தனி வீட்டால் முடியாதவை; தெரு கூடிச் செய்ய வேண்டியவை.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது என்ன? உணவுக் கலம் மூடியுள்ளதாக இருக்கட்டும். மருந்து வேறு இடத்தில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், அது வந்த கலனிலேயே, பெயர்ச்சீட்டோடு இருக்கட்டும். வெறுமையான மருந்துக் கலன் எக்காரணத்தாலும் உணவுக்கோ நீருக்கோ திரும்ப வேண்டாம். தெளிக்கும் நாளில் உணவும் பாத்திரமும் வெளியே செல்லட்டும். தானியத்துக்கு வெயிலும் மூடிய கலமும் முதற்காவலாகட்டும். இவற்றை ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். ஆனால் கற்பிப்பதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோமாயின், இடமற்றவனுக்கு இடவசதியைப் பற்றி உபதேசித்தவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

ஆகவே பாடத்தோடு கோரிக்கையும் எழ வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு நஞ்சின் மேலும் மக்களின் மொழியில், வாசிக்கக்கூடிய எழுத்தில் எச்சரிக்கை வேண்டும். ஈராக்கின் பாடம் அது. உணவும் நஞ்சும் ஒரே வண்டியிலும் ஒரே கடைத் தட்டிலும் ஏறக்கூடாது. கொச்சியின் பாடம் அது. உணவு சமைக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் பூட்டிய களஞ்சியம் வேண்டும். சாரனின் பாடம் அது. மீளக் குடியேறிய குடும்பத்துக்குக் கட்டித்தரும் வீட்டில் உணவு வைக்க ஒரு தனி மூலையும், மீனவர் கூட்டுறவுக்கு உலர்த்தியும், உழவர் சங்கத்துக்குக் காற்றுப் புகாத நெற்கலமும் வேண்டும். இவற்றில் எதுவும் ஆடம்பரமன்று.

உணவுக்கும் நஞ்சுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் சில அடிகள்தான். அந்தச் சில அடிகளை இன்று அவனவன் வருமானம் தீர்மானிக்கிறது. அதை எல்லா வீட்டுக்கும் உரியதாக்கும் பொறுப்பு சமுதாயத்தினுடையது. அப்பொறுப்பை நினைவூட்டிக்கொண்டே இருப்பது நம்முடையது.